வியாழக்கிழமை வந்த மனைவி

— நல்லாத்தான் பேசினாங்க உங்க மனைவி. வியாழக்கிழமை முழுசா ஒரு மணி நேரம், இப்ப நீங்க உக்காந்திருக்கிற அதே நாற்காலி.

— மன்னிக்கணும் சென்செய். அவ ஏதாவது அதிகப்படியாப் பேசியிருந்தா...

— மன்னிப்பு இருக்கட்டும், இசோபே சான். அதிகமெல்லாம் இல்ல. கேட்டதுக்கு பதில், கேக்காததுக்கு ஒரு சின்ன சிரிப்பு. பிப்ரவரில நீங்க பிளாட்ஃபாரத்துல நின்னுகிட்டு வர்ற ரயில்ல எல்லாம் ஏறாம விட்டீங்கள்ல, அதைப் பத்திப் பேசறப்ப கைக்குட்டைய எடுத்தாங்க. சரியா அந்த இடத்துல.

— கைக்குட்டையா?

— வெள்ளைக் கைக்குட்டை. இஸ்திரி போட்டு நாலா மடிச்சது. ஏன், ஆச்சரியமா இருக்கா?

— இல்ல இல்ல. அவ அப்படித்தான். இளகின மனசு.

— ம்.

— அப்ப சென்செய், வேலைக்குத் திரும்பறதுக்கு முன்னாடி வீட்டு ஆள் ஒருத்தர் வந்து உங்ககிட்டப் பேசணும்னு ஒரு விதி இருந்துச்சே, அது முடிஞ்சது. இனி நீங்க அறிக்கை எழுதினா டாக்டர் கையெழுத்துப் போட்டுருவாரு. அக்டோபர் ஒண்ணு, திங்கக்கிழமை காலைல நான் ஆபீஸ்ல இருக்கணும். அன்னிக்கும் போகலேன்னா கம்பெனி என் சீட்டை எடுத்துரும். ஆகவே தங்களின் மேலான கவனத்துக்கு இதைக் கொண்டுவருவதோடு...

— மறுபடியும் கடிதம் எழுத ஆரம்பிச்சுட்டீங்க.

— மன்னிக்கணும். இருபத்தாறு வருஷமா அதே வேலை. ரைஸ் குக்கர் கம்பெனில புகார் பிரிவு. சோறு குழையுதுன்னு எழுதுவாங்க, அடிப்பிடிக்குதுன்னு எழுதுவாங்க, நான் வருத்தம் தெரிவிச்சு பதில் போடுவேன். பயம் வந்தா வாய் தானா அந்தப் பாஷைக்குப் போயிருது.

— இப்ப என்ன பயம்?

— பயமில்ல. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

— சரி, அது இருக்கட்டும். இந்தாங்க, பார்லி டீ. ஐஸ் கரைஞ்சு போச்சு, பரவால்லயா? அறிக்கைல நான் நிரப்ப வேண்டிய கட்டம் ஒண்ணு பாக்கி இருக்கு. அவங்க பேரு என்ன?

— சதோமி. இசோபே சதோமி. நாப்பத்தொம்பது வயசு. அதான் முதல் நாளே எழுதிக் குடுத்திருக்கேனே.

— அது உங்க மனைவி பேரு. நான் வியாழக்கிழமை வந்தவங்க பேரைக் கேக்கறேன். டீயைக் கீழ வெச்சுருங்க, சிந்துது.

— எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— டப்பாவுல மத்தியானத்துக்கு என்ன கட்டிக் குடுப்பீங்கன்னு கேட்டேன். சக்கரை போட்டுச் சுருட்டின முட்டை, சுட்ட சால்மன், எள்ளு தூவின கீரைன்னு அடுக்கினாங்க. நீங்க தினமும் இங்க உக்காந்து சாப்பிடறதை நான் பாக்கறேன். என்ன சாப்பிட்டேன்னு நீங்களே தாள்ல எழுதிக் குடுக்கறீங்க. முட்டையும் இல்ல, சால்மனும் இல்ல.

— அதை நான் சொல்லிக் குடுக்க மறந்துட்டேன்.

— வாடகைக்கு ஆள் அனுப்பற கம்பெனியா?

— நகோயா ஸ்டேஷனுக்குப் பின்னாடி, மூணாவது மாடி. கல்யாணத்துக்குச் சொந்தக்காரங்க குறைஞ்சா அனுப்புவாங்க, பள்ளிக்கூடத்துக்கு அப்பாவாப் போவாங்க. ரொம்ப மரியாதையான இடம் சென்செய். என் புகார் பிரிவுல கூட அவ்வளவு மரியாதை கிடையாது.

— தெரியும். என் கல்யாணத்துலயே மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் உக்காந்திருந்த மூணு பெரியப்பாவும் அங்கருந்து வந்தவங்கதான். நாலு வருஷம் கழிச்சுத்தான் எனக்குத் தெரிஞ்சது. அதுல ஒருத்தரு மத்த எல்லாரையும் விட நல்லா வாழ்த்திப் பேசினாரு.

— நீங்க கோவப்படலியா?

— பெரியப்பா மேலயா?

— என் மேல.

— வந்தவங்க ஒத்திகை பாத்த மாதிரி வாசல்ல செருப்பைக் கழட்டறப்பவே எனக்கு ஒரு சந்தேகம். அப்பவே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. நீங்க எப்படிப்பட்ட மனைவியைக் கேட்டு வாங்கியிருக்கீங்கன்னு பாக்கணும்னு ஆசை. கோவப்படற யோக்கியதை எனக்கு இல்ல.

— அழுகைய நான் கேக்கவே இல்ல சென்செய். அதை அவங்களா சேத்துக்கிட்டாங்க.

— அது நல்ல அழுகை. இருக்கட்டும். இப்பச் சொல்லுங்க. மார்ச்லருந்து விடுப்புல இருக்கீங்க. மே மாசம் வரைக்கும் நூலகத்துல உக்காந்திருந்தீங்க, ஜூன்லருந்து இங்க வர்றீங்க. இன்னிக்கு செப்டம்பர் இருபத்தஞ்சு. ஏழு மாசம். வீட்ல தெரியவே தெரியாதா?

— தெரியாது.

— காலைல?

— ஏழரைக்குக் கிளம்புவேன். கோட்டு, டை, பை. அவ வாசல் வரைக்கும் வந்து டப்பாவைக் குடுப்பா. போய்ட்டு வர்றேன்பேன். போய்ட்டு வாங்கன்னுவா. ஒன்பதரைக்கு இங்க. நீங்க குடுக்கற செய்தித்தாளைப் படிச்சு சுருக்கி எழுதுவேன். மத்தியானம் டப்பா. மூணு மணிக்கு எல்லாரோடயும் பூப்பந்து. அப்புறம் புத்தகக் கடைல நின்னுட்டு ஏழு மணிக்கு வீடு.

— எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காந்திருப்பீங்க. இந்த அறையில இருக்கிற பதினோரு பேர்ல ஒரு நாள் கூடத் தவறாதவர் நீங்க ஒருத்தர்தான்.

— அதான் சென்செய், நான் தேறிட்டேன். ரயில்ல ஏற முடியுது, நேரத்துக்கு வர முடியுது. ஆபீஸ் போறதுக்கு வேற என்ன வேணும்?

— மனசு சோந்து போனவங்க அழுதுகிட்டே வருவாங்கன்னு வெளில நினைக்கறாங்க. நான் இருபத்தோரு வருஷமாப் பாக்கறேன், பெரும்பாலும் நேரத்துக்கு வர்றாங்க. தலை சீவிட்டு வர்றாங்க. என்ன கஷ்டம்னு கேட்டா, ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் தொந்தரவுங்கறாங்க. அழறவங்களைப் பாத்தா எனக்கு நிம்மதியாக்கூட இருக்கும்.

— மன்னிக்கணும். எனக்கு அழத் தெரியாது.

— அதுக்கெல்லாம் மன்னிப்புக் கேக்காதீங்க. போன வருஷம் ஒருத்தரை வேலைக்குத் திருப்பி அனுப்பினேன். அவரும் உங்களை மாதிரிதான், ஒரு நாள் தவறல. எட்டே வாரத்துல திரும்பி வந்தாரு. வந்தாரேன்னு சந்தோஷப்பட்டேன். வராமலே போயிடறவங்களும் இருக்காங்க இசோபே சான். அதான் நான் வீட்டு ஆளைக் கேக்கறது. விதிக்காக இல்ல. மறுபடியும் ஒரு நாள் ரயிலை விட ஆரம்பிச்சீங்கன்னா, நீங்க யாருக்குப் போன் பண்ணுவீங்க? அந்த வாடகை அம்மாவுக்கா?

— அவங்க பேரு கூட எனக்குத் தெரியாது.

— பாருங்க.

— உண்மையச் சொல்லட்டுமா சென்செய்?

— அதுக்குத்தான இந்த ரூம்.

— எங்க வீட்ல ஒருத்தராவது விழாம நிக்கணும். சதோமி என் அப்பா அம்மா ரெண்டு பேரையும் பாத்துக்கிட்டா, கடைசி வரைக்கும். அப்புறம் மோயெ. எங்க பொண்ணு. ஏப்ரல்ல நர்சிங் படிக்க குமாமோட்டோ போய்ட்டா. இப்பத்தான் சதோமிக்குக் கொஞ்சம் ஓய்வு. இந்த நேரத்துல நான் போய், அம்மாடி, எனக்கு ரயில் ஏற முடியல, ஒரு புகார் கடிதத்தை நாலு மணி நேரம் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், என்ன எழுதியிருக்குன்னே புரியலன்னு சொன்னா? அவ மறுபடியும் ஒருத்தரைப் பாத்துக்க ஆரம்பிக்கணும். வேண்டாம். நான் நிக்கற மாதிரியாவது இருக்கணும்.

— நிக்கற மாதிரி.

— ஆமா.

— அது ரொம்பக் களைப்பான வேலை, இல்லையா? நிக்கறதை விடக் களைப்பு.

— ஆமா சென்செய். ரொம்ப.

— இந்த டிஷ்யூ பெட்டிய உங்க பக்கம் வெக்கறேன். வேணும்னா எடுங்க, வேண்டாம்னா விடுங்க.

— மன்னிக்கணும். கண்ணுல தூசி.

— இங்க நிறைய தூசி விழும். பரவால்ல.

— அப்ப அறிக்கை எழுத மாட்டீங்களா?

— அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு காட்டணும். வியாழக்கிழமை அவங்க போனப்புறம் நாற்காலி மேல ஒரு தாள் இருந்தது. மறந்துட்டுப் போன மாதிரி இல்ல. எழுத்து மேல தெரியற மாதிரி, நேரா, எனக்குப் படிக்க வசதியா வெச்சிருந்தாங்க. இது உங்க கையெழுத்துதான?

— ஆமா. அந்தக் கம்பெனில குடுக்கற படிவம். மனைவியா நடிக்கறவங்க தெரிஞ்சுக்கறதுக்கு. பழக்கம், பேச்சு, எது பிடிக்கும், எது பிடிக்காது. ரெண்டு பக்கம் நிரப்பணும்.

— இதுல எழுதினதெல்லாம் உண்மையா?

— தாள்ல எனக்குப் பொய் எழுத வராது சென்செய். வாய்ல சொல்வேன், ஒத்துக்கறேன். தாள்ல வராது. புகார் பிரிவுல எழுதினது ஒண்ணொண்ணும் நாளைக்குத் திரும்பி வரும்.

— அப்ப நீங்களே படிங்க. சத்தமா.

— எதுக்கு?

— எனக்காக. முதல் கேள்விலருந்து.

— காலை உணவு. "எதிரில் உட்கார்ந்திருப்பார். டீ மட்டும். கேட்டால், முன்பே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வார்."

— எப்பலருந்து?

— மோயெ போனதுலருந்துன்னு நினைக்கறேன். மூணு பேர் சாப்பிட்ட மேசை, ரெண்டு பேர் ஆனதும் அவ பழக்கத்தை மாத்திக்கிட்டா.

— சிங்க்ல அவங்க சாப்பிட்ட கிண்ணம் இருக்குமா?

— அதெல்லாம் நான் பாக்கறதில்ல... இல்ல. இருக்காது. உடனே கழுவிடுவா போல.

— அடுத்தது.

— பொழுதுபோக்கு. "செவ்வாய்க்கிழமைகளில் வார்டு பாடகர் குழு. பதினோரு ஆண்டுகள். மே மாதம் முதல் செல்வதில்லை. தொண்டை சரியில்லை."

— டாக்டர்கிட்டப் போனாங்களா, தொண்டைக்கு?

— போகல. தானா சரியாயிரும்னா.

— சரியாச்சா?

— கேக்கல.

— படிங்க.

— தொலைக்காட்சி. "பார்ப்பார். சத்தம் குறைவாக வைத்துப் பார்ப்பது பழக்கம்."

— எவ்வளவு குறைவா?

— சத்தமே இருக்காது. நான் வீட்டுக்குள்ள நுழையறப்ப ஓடிக்கிட்டு இருக்கும், அவ எதிர்ல உக்காந்திருப்பா. லைட் போட்டிருக்க மாட்டா. இருட்டினதே தெரியல, இப்பத்தான் உக்காந்தேன்பா. சென்செய், இது...

— அடுத்தது.

— தூக்கம். "லேசான தூக்கம். விடியற்காலை மூன்று மணிக்கு நான் விழிக்கும்போது அவரும் விழித்திருப்பார். தண்ணீர் குடிக்க எழுந்ததாகச் சொல்வார்."

— மூணு மணிக்கு நீங்க ஏன் முழிக்கறீங்க?

— அது என் வியாதி. நீங்கதான சொன்னீங்க, விடியறதுக்கு முன்னாடி முழிப்பு வர்றது ஒரு அடையாளம்னு.

— ஆமா. நான்தான் சொன்னேன்.

— அப்ப மூணு மணிக்கு அவளும்...

— இன்னும் மூணுதான்.

— பேச்சு. "அதிகம் பேசமாட்டார். கடைசியில் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சேர்ப்பது பழக்கம்." நான் சொல்றதைப் பாத்து அவளுக்கும் தொத்திக்கிச்சுன்னு நினைச்சேன். குளிக்கத் தண்ணி ரெடி, மன்னிச்சுக்கங்க. மழை வருது, மன்னிச்சுக்கங்க. சிரிப்பா இருக்கும்.

— அவங்க சிரிப்பாங்களா?

— அதுக்குத் தனியா ஒரு கேள்வியே இருக்கு. சிரிப்பு. "அமைதியான சிரிப்பு." அப்படி எழுதியிருக்கேன். அந்த வாடகைக் கம்பெனில கூடக் கேட்டாங்க, உங்க மனைவி எப்படிச் சிரிப்பாங்க, சத்தமாவா, வாயை மூடியா, நடிக்கறவங்க அதைப் பழகணும்னு. யோசிச்சுப் பாத்தேன். ஞாபகம் வரல. அமைதின்னு போட்டுட்டேன்.

— கடைசி வரி?

— பொதுவான மனநிலை.

— என்ன எழுதியிருக்கீங்க?

— "எப்போதும் போல. குறை ஒன்றும் இல்லை."

— புகார் பிரிவுல இருபத்தாறு வருஷம். இதே கடிதம் ஒரு வாடிக்கையாளர்கிட்டருந்து வந்திருந்தா, முதல் பத்தியிலயே என்ன கோளாறுன்னு சொல்லியிருப்பீங்க.

— சென்செய், வேண்டாம்.

— பேரை மறைச்சுட்டு இந்தத் தாளை என் மேசைல யாராவது வெச்சிருந்தா, அன்னிக்கே வரச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு முன்னாடி அவங்களை.

— நான் தினமும் பாக்கறேன் அவளை. தினமும். நான் மாட்டிக்கக் கூடாது, மூஞ்சி வாடக் கூடாது, குரல் மாறக் கூடாது, இதுலயே என் கவனம் பூரா. அவ மூஞ்சியப் பாக்கறதா நினைச்சுக்கிட்டு, அதுல என் மூஞ்சி எப்படித் தெரியுதுன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

— நீங்க மட்டும் இல்ல. இந்த ஃபைலைப் பாருங்க. உங்களோட தினக் குறிப்புத் தாள். தூக்கம், மனநிலை, மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க. ஜூன் மாசம் எடுத்துக்கங்க. அயிலை மீன், எள்ளுக் கீரை, பர்டாக் வேர் வதக்கல், ஊறவெச்ச பிளம். ஒவ்வொரு நாளும் வேற வேற.

— நல்லா சமைப்பா. அந்த பர்டாக் வேரை ஊசி மாதிரி சீவுவா.

— ஜூலை ரெண்டாவது வாரம்?

— கொரொக்கே. மசிச்ச உருளைக்கிழங்கைப் பொரிச்சது.

— மூணாவது வாரம்?

— உருளைக்கிழங்கு கொரொக்கே. நாலாவது வாரமும். எனக்கு அது பிடிக்கும்னு...

— ஆகஸ்ட் பூரா அதான். இந்த மாசம் மூணாந்தேதி நீங்க எழுதினதைப் படிங்க.

— "கொரொக்கே இரண்டு. ஒன்றின் அடியில் கடையின் விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. எடுத்துவிட்டுச் சாப்பிட்டேன்."

— தெரு முனைக் கடைல வாங்கி, டப்பாவுல மாத்தி வெக்கறாங்க. எந்திரிச்சு சமைக்க முடியல அவங்களால. ஆனா சமைச்ச மாதிரி இருக்கணும். நீங்க ஆபீஸ் போற மாதிரி கிளம்பறீங்க. அவங்க சமைச்ச மாதிரி கட்டறாங்க. ரெண்டு பேரும் வாசல்ல நின்னு அந்த டப்பாவை ரெண்டு கையாலயும் குடுத்து வாங்கிக்கறீங்க. இப்ப அந்த வரிக்குப் பக்கத்துல சிவப்பு மையில என்ன இருக்குன்னு பாருங்க. அது என் எழுத்து.

— "மிக நல்லது. முழுவதும் சாப்பிட்டிருக்கிறீர்கள்." ஒரு வட்டம் போட்டிருக்கு.

— வட்டம் போட்டிருக்கேன். ஜூலைலருந்து வாராவாரம் வட்டம். நீங்க சாப்பிட்டீங்களான்னு மட்டும் பாத்தேன். யாரு கட்டினா, எப்படிக் கட்டினாங்கன்னு பாக்கல. நாற்காலில உக்காந்திருக்கிறவரை மட்டும் பாக்கறது என் தொழில் பழக்கம். அந்த வாடகை அம்மா ரெண்டு பக்கம் படிச்சுட்டு கண்டுபிடிச்சதை நான் இத்தனை மாசமா விட்டிருக்கேன். எனக்கு வருத்தமா இருக்கு இசோபே சான். இதை உங்ககிட்டச் சொல்லணும்னுதான் ராத்திரியெல்லாம் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

— நீங்க மன்னிப்புக் கேக்காதீங்க சென்செய். அது எங்க டிபார்ட்மெண்ட்.

— சிரிச்சுட்டீங்க.

— சிரிப்பு இல்ல இது. என்னன்னு தெரியல.

— இப்ப வீட்ல தனியாவா இருப்பாங்க?

— தனியாத்தான். மணி என்ன, பதினொண்ணே முக்காலா? நான் கிளம்பினப்புறம் அவ என்ன பண்றான்னு எனக்குத் தெரியாது. ஏழு மாசமா நான் எங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியாது, அவ எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது. சென்செய், நான் அவளுக்குப் போன் பண்ணலாமா?

— என்னைக் கேக்கணுமா?

— என்ன சொல்றது?

— சாப்டியான்னு கேக்காதீங்க. சாப்டேன்னுதான் சொல்லுவாங்க. என்ன சாப்ட்டேன்னு கேளுங்க. அப்புறம் நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க. முதல்ல நீங்க பாரத்தைக் கீழ வெச்சாத்தான் அவங்களும் வெப்பாங்க. ரெண்டு பேரும் இங்க வரலாம், என் மத்தியான நேரத்தை ஒதுக்கி வெச்சிருக்கேன். அவங்களுக்கு வர முடியலன்னா நான் வர்றேன். ஒண்ணும் அவசரம் இல்ல, கோவமும் இல்ல, சந்தோஷமாக்கூடக் கேக்க வேண்டாம். சும்மா உங்க குரல்ல கேளுங்க. கடிதப் பாஷை மட்டும் வேண்டாம்.

— மேசைல வெச்சு ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன். நீங்க கூட இருங்க.

— இருக்கேன்.

— மணி அடிக்குது. எடுக்கல. வழக்கமா ரெண்டாவது மணிலயே எடுப்பா. அஞ்சு, ஆறு. சென்செய், எடுக்க மாட்டேங்கறா.

— இன்னும் கொஞ்சம் பாருங்க. படுத்திருந்தா எந்திரிக்கணும்ல.

— ...ஹலோ.

— சதோமி. நான்தான்.

— என்னங்க. ஆபீஸ் நேரத்துல... உடம்புக்கு ஏதாவதா? மன்னிச்சுக்கங்க, போன் வேற ரூம்ல இருந்துச்சு.

— உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீ... காலைல என்ன சாப்ட்ட?

— சாப்டேன்.

— என்ன சாப்ட்ட?

— ஏன் இன்னிக்குப் போய் அதைக் கேக்கறீங்க?

— இத்தனை நாள் கேக்காததுக்கு. இன்னொண்ணும் சொல்லணும். நான் ஆபீஸ்ல இல்ல. மார்ச்லருந்து போகல. பிளாட்ஃபாரத்துல நின்னேன், ஏற முடியல. மனசுக்குப் பாக்கற ஒரு இடத்துக்கு தினமும் வந்துக்கிட்டு இருக்கேன். உன்கிட்ட மறைச்சேன். உன்னை ஏமாத்தணும்னு இல்ல. நீ ஓய்வா இருக்கணும்னு நினைச்சேன். அது தப்பு. கேக்குதா?

— கேக்குது.

— கோவமா?

— தெரியுங்க.

— என்ன தெரியும்?

— மோயெ ஊருக்குப் போனாளே, அந்த வாரம் உங்க கோட்டை சலவைக்குப் போடறப்ப பையில ரயில் பாஸ் இருந்துச்சு. அதுல தேதி முடிஞ்சிருந்துச்சு. நீங்க புதுப்பிக்கவே இல்ல. ஒரு வாரம் பாத்தேன், ரெண்டு வாரம் பாத்தேன். அப்ப ஆபீஸ் போகலன்னு தெரிஞ்சுச்சு.

— ஏப்ரல்லயேவா? அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?

— கேட்டா நீங்க கிளம்பறதை நிறுத்திடுவீங்க.

— நிறுத்தினா என்ன? வீட்ல உன்கூட இருந்திருப்பேனே.

— நிறுத்தினா டப்பா கட்ட வேண்டாம்ல. மோயெவுக்கும் கட்ட வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம்னு ஆயிட்டா... மூணு மணிலருந்து முழிச்சுக்கிட்டுப் படுத்திருக்கேங்க. அந்த ஒண்ணைக் கட்டிக் குடுக்கணுமேன்னுதான் எந்திரிக்கறேன். இல்லேன்னா எந்திரிக்கவே மாட்டேன். கடைல வாங்கித்தான் வெக்கறேன், மன்னிச்சுக்கங்க. நாளைக்கும் ஏழரைக்குக் கிளம்புவீங்கல்ல?